இடது பக்கத்துப் பால்

“…கரிக்குது அண்ணி. வாய்க்கு வந்தத சொல்லல, நாக்குல வச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்” என்றாள் கஸ்தூரி. சொல்லிவிட்டு விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

கஸ்தூரி என் நாத்தனார். என் வீட்டுக்காரர் ஏழுமலையின் தங்கை. எங்கள் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். நானும் அவளும் மரக்காணத்தில் ஒரே உப்பளத்தில் வேலை செய்தோம். பாதி நாள் இரண்டு வீட்டுச் சமையலும் ஒரே அடுப்பில்தான் நடக்கும். குழம்பில் உப்பு பார்ப்பது அவள் பொறுப்பு. நாளெல்லாம் உப்பில் கிடந்துவிட்டு வருகிற எங்கள் நாக்குக்கு எதுவும் பிடிபடாது. அவள் நாக்கு மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டது. அவள் “போதும்” என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் உப்புச் சாடிப் பக்கம் போக மாட்டோம். அப்படிப்பட்டவள் என் இடது மார்பிலிருந்து ஒரு சொட்டுப் பாலை விரலில் வாங்கி, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன தீர்ப்பு அது.

பார்க்கச் சொன்னதே நான்தான். பாப்பாவுக்கு அப்போது ஐந்து மாதம். இடது பக்கம் வாயை வைத்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினாள். வலது பக்கம் மாற்றினால் ஒழுங்காகக் குடித்தாள். என்னடா இது, பல் முளைக்காத பிள்ளைக்கு இதற்குள் பிடிக்கும் பிடிக்காது வந்துவிட்டதா என்று முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

கடல் பொங்கி ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த கோடை அது. கரையோரத்துக் கிணறுகள் பலவும் கரித்துக் கிடந்தன. நல்ல தண்ணீர்க் கிணறு என்று பேர் பெற்றதில்கூட முகம் கழுவினால் தோல் இழுத்தது. அதனால் கஸ்தூரி சொன்னது யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. உப்பளத்துக் கொட்டகையில் பேச்சு இப்படித்தான் போயிற்று.

“கெணத்துலயே உப்பு ஏறுது. கணுக்கால் முங்க உப்புத் தண்ணில நிக்கிறவ மாருல ஏறாதா?”

“ஒரு பக்கம் ஏறிடுச்சுன்னா இன்னொரு பக்கமும் ஏறும். பக்கத்து பக்கத்துப் பாத்திதானே.”

கடைசியாகச் சொன்னதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது மனத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

நாங்கள் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விடியும் முன்பே ஒரு முறை கொடுத்துவிட்டுக் கிளம்புவோம். கைக்குழந்தை இருந்தால் கொட்டகையில் தூளி கட்டிப் போடுவோம். அதற்குப் பிறகு மேஸ்திரி வேலையை நிறுத்தும்போதுதான் கரையேற முடியும். அதுவரை பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனையும். நனைவது தெரியாமலிருக்க மார்புக்குக் குறுக்கே ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வோம். கரையேறினதும் முதலில் வருகிற பாலை வரப்பில் பீய்ச்சி விடுவோம். வெயில் பட்ட பால், பிள்ளைக்குச் சூடு என்று பேச்சு. பிறகு ஈர முந்தானையால் மார்பைத் துடைத்துவிட்டுக் கொடுப்போம். அந்த ஈரம் எந்தத் தண்ணீர்? பாத்தியில் இருக்கிற உப்புத் தண்ணீர்தான். குடத்தில் கொண்டுவருகிற நல்ல தண்ணீர் குடிப்பதற்கே போதாது. அதில் யார் மார்பு கழுவுவார்கள்? எனக்கு இடது காம்பில் சின்ன வெடிப்பு வந்திருந்தது. துடைக்கும்போது சுரீர் என்னும். பல்லைக் கடித்துக்கொள்வேன். அவ்வளவுதான்.

கரித்த பாலைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்று முடிவாயிற்று. இடது பக்கத்தை வற்ற வைப்பதற்கு மல்லிகைப் பூ வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். கஸ்தூரியே கடைத்தெருவுக்குப் போய்ப் பூ வாங்கிவந்து, என் மார்பில் பரப்பி, துணியால் இறுக்கிக் கட்டினாள்.

“தலைக்கு வைக்க ஒரு முழம் குடுடின்னா மூக்கால அழுவ. இப்ப பாரு” என்றேன்.

“தலைக்கு வச்சா எங்க அண்ணன்தான் பாப்பாரு. இங்க வச்சா வேலை நடக்கும்” என்றாள்.

சிரித்தோமே தவிர, அடுத்த பேச்சு அடுப்படியில் காத்திருந்தது. வலது பக்கமும் கரிக்குமுன் அதையும் நிறுத்திவிட்டுப் பாப்பாவைப் புட்டிப்பாலுக்குப் பழக்கிவிடலாம் என்றாள் கஸ்தூரி. உப்பு எடுப்பது கோடையில்தான். மழை வந்தால் பாத்தியெல்லாம் ஏரி. கோடையில் வீட்டில் உட்கார்ந்தால் மழைக்காலத்தில் அடுப்பில் பூனை தூங்கும். ஆகவே பால் கொடுப்பதா, உப்பளத்துக்குப் போவதா, இரண்டில் ஒன்று. என் வீட்டுக்காரர் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். எனக்கோ அந்தக் கொஞ்ச நேரம், அவள் குடித்துக்கொண்டே கண்ணைச் சொருகி என்னைப் பார்க்கிற நேரம், அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் கரித்த பால் என்று நாக்கே சாட்சி சொன்ன பிறகு என்ன வாதாடுவது?

பூக்கட்டு மார்பிலேயே வெந்துபோயிற்று. பொய்யில்லை. அவிழ்த்தபோது பூவெல்லாம் பழுப்பேறி வதங்கியிருந்தது. அந்த அளவுக்கு உடம்பு கொதித்தது. குளிர்க்காய்ச்சல் வேறு. கோடை வெயிலில் இரண்டு போர்வைக்குள் பல் கிட்டிக்கொண்டு கிடந்தேன். இடது மார்பின் வெளிப்பக்கம் சிவந்து, கல் போல ஒரு கட்டி. பார்க்க வந்தவர்களில் ஒருத்தி, கெட்ட எண்ணமில்லாமல்தான், “கட்டின்னா… அதுவா இருக்கப்போவுது” என்று இழுத்தாள். அந்த நோயின் பெயரை அவள் சொல்லவில்லை. சொல்லாமல் போனதால் எனக்கு இன்னும் நன்றாகக் கேட்டது.

ஏழுமலை அன்றே என்னைப் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏற்றினார். கஸ்தூரி தன் இரண்டு பிள்ளைகளையும் புருஷனிடம் விட்டுவிட்டுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடவே ஏறினாள். பஸ் குலுங்குகிற ஒவ்வொரு முறையும் ஏழுமலை என் இடது பக்கத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவே தன் கையை மடித்து வைத்து அணை கொடுத்தார். அவர் கையில் ஜன்னல் கம்பி இடித்து இடித்துச் சிவந்திருந்ததை இறங்கும்போதுதான் பார்த்தேன்.

பெரிய ஆஸ்பத்திரி. சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை. பெஞ்சில் எனக்கு முன்னால் இருந்த ஒருவர் தன் பக்கத்து ஆளிடம், “நோயாளிக்குத்தான் பேஷண்டுன்னு பேர். ஆனா பொறுமையா இருக்கிறது கூட வந்தவங்கதான்” என்றார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது; அந்த வார்த்தைக்குப் பொறுமை உள்ளவர் என்றும் பொருள் உண்டு என்பதை ஏழுமலையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அந்த வலியிலும் சிரித்தேன். யாராவது நல்லதாக ஒரு வார்த்தை பேசினால் வலி கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் கொடுக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படி.

டாக்டர் ஒரு சின்ன வயசு அம்மா. தொட்டுப் பார்த்தார், ஸ்கேனுக்கு அனுப்பினார். ஸ்கேன் என்றால் பயந்துவிட வேண்டாம். சில்லென்று ஒரு பசையைத் தடவி, அதன்மேல் சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவியை நகர்த்துவார்கள். உள்ளே இருப்பது டிவியில் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்பாக ஒரு குட்டை. அந்தக் குட்டைதான் என்னவென்று தெரிய மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பாப்பா பசியெடுத்து அழ, கஸ்தூரி அவளை என் வலது பக்கத்தில் வைத்தாள். பயத்தில் பால் இறங்காது என்று நினைத்தேன். இறங்கியது. அவள் குடிக்கக் குடிக்க என் பயமும் கொஞ்சம் வடிந்தது.

“இது சீழ்க்கட்டி. கேன்சர் இல்ல, அந்த நினைப்பை விட்டுடுங்க” என்றார் டாக்டரம்மா. “பால் வெளிய வராம தேங்கிப் போச்சு. காம்புல இருந்த வெடிப்பு வழியா கிருமி உள்ள போயிருக்கு. மயக்கம் கொடுத்து, சின்னதா கீறி, சீழை எடுத்துடலாம். கடைசியா எப்ப இந்தப் பக்கம் கொடுத்தீங்க?”

நான் கஸ்தூரியைப் பார்த்தேன். கஸ்தூரி பாப்பாவைப் பார்த்தாள்.

“பால் கரிச்சிதுங்க மேடம். உப்பளத்துல வேலை. உப்பு ஏறிடுச்சு. அத்தொட்டு நிறுத்திட்டோம்” என்றேன்.

“கரிச்சிதுன்னு யார் சொன்னது?”

“நான்தாங்க” என்றாள் கஸ்தூரி. அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. “நாக்குல வச்சுப் பாத்தேன்.”

டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “உங்க நாக்கு சரியாத்தான் சொல்லியிருக்கு. மார்ல பால் தேங்கி வீங்கினா, அது நிஜமாவே கரிக்கும். ஆனா அது உப்பளத்து உப்பு இல்லம்மா. நம்ம ரத்தத்துலயே உப்பு இருக்குல்ல? வீக்கம் வந்தா அது பாலுக்குள்ள கசிஞ்சிடும். வீக்கம் போச்சுன்னா கரிப்பும் போயிடும். கரிக்கிற பாலால குழந்தைக்குக் கெடுதல் ஒண்ணும் கிடையாது. அப்பவும் விடாம கொடுத்திருந்தா, இல்ல கறந்தாவது எடுத்திருந்தா, இவ்வளவு தூரம் வந்திருக்காது. பூ வச்சு இறுக்கிக் கட்டினதுல உள்ளயே அடைச்சிக்கிச்சு.”

வெளியே வந்ததும் கஸ்தூரி பாப்பாவை ஏழுமலையிடம் கொடுத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள். வெகுநேரம் முகம் கழுவினாள்.

ஆபரேஷன் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. கையில் ஊசி ஏற்றிவிட்டுப் பாப்பா பெயர் என்ன என்று கேட்டார்கள். “ரேவ” என்பதுவரை சொன்ன ஞாபகம். விழித்தபோது வார்டில் இருந்தேன். மார்பில் பெரிய கட்டு. முதலில் கேட்டது பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல்: “எழுந்திட்டா. ஏம்பா, உன் பொண்டாட்டி எழுந்திட்டா. மூச்சை விடு.”

குரல் கொடுத்தவர் கிளியனூர் பக்கம் நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிற குடும்பத்து அம்மா. சர்க்கரையால் காலில் புண். நான் கண் திறக்கும்வரை ஏழுமலை கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றதை அவர்தான் எனக்குச் சொன்னார். “பஸ்ஸுல நிக்கிற மாதிரியே நின்னாரும்மா. எங்க எறங்குறதுன்னு தெரியாம” என்றார்.

கீறின இடத்தை உடனே தைத்து மூட மாட்டார்கள். மேலே மூடிக்கொண்டால் உள்ளே மறுபடியும் சீழ் வைக்கும். அதனால் மருந்தில் நனைத்த துணித் திரியை உள்ளே வைத்து, தினமும் எடுத்துப் புதுசு வைப்பார்கள். அடியிலிருந்து சதை தேறித் தேறி மேலே வரும். சொல்ல எளிது. டிரஸ்ஸிங் தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிடுவது கேட்டாலே நான் போர்வை நுனியைப் பல்லில் கவ்விக்கொள்வேன். கிளியனூரம்மா அந்த நேரம் பார்த்துத்தான் பேச்சை ஆரம்பிப்பார்.

“இவங்க திரி வைக்கிறதப் பாத்தா, ராத்திரி கொளுத்தி விட்டுடுவாங்களோன்னு இருக்குது.”

சிஸ்டரே சிரித்துவிடுவார். அதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

சிஸ்டர் எனக்கும் கஸ்தூரிக்கும் பால் கறக்கக் கற்றுக்கொடுத்தார். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. கறுவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் கட்டைவிரலும் விரல்களும் வைத்து, உள்பக்கமாக அழுத்தி விட வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு. இடது பக்கத்தில் சீழ் கலந்து வந்தவரை கறந்து கொட்டினோம். என் கைக்குத் தெம்பில்லாத நாட்களில் கஸ்தூரிதான் கறந்தாள். பால் நின்று போகாமலிருக்க இதுதான் வழி. இதை விட்டால் அந்தப் பக்கம் வற்றிப்போகும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். கஸ்தூரி அதை வேண்டுதல் மாதிரி செய்தாள். என் முகம் சுளித்தால் கையை எடுத்துவிட்டு, தானும் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடியும் தொடங்குவாள். வலது பக்கம் பாப்பா வழக்கம்போலக் குடித்தாள். அவளை வார்டுக்குள் வைத்துக்கொள்ள டாக்டரம்மா அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தார். “தாய்ப்பாலும் மருந்துதான், அதுக்குச் சீட்டு வேணாம்” என்பாராம் கேட்டவர்களிடம்.

பாப்பாவின் துணிகளை ஏழுமலை துவைத்தார். குழாயடியில் பெண்கள் கூட்டம். இவர் ஒருவர் மட்டும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பீத்துணி அலசுவாராம். “அண்ணே, சட்டைக்கு நீலம் போடலயா?” என்று யாரோ கிண்டல் செய்ய, “எம்பொண்ணுக்கு நீலம் புடிக்காதுங்க” என்றாராம். கிளியனூரம்மாவின் மகள் வந்து சொன்னாள்.

சீழ் நின்று, பால் தெளிந்து வந்த அன்று சிஸ்டர் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இனிமே இதைக் கொட்டாதீங்க, பாலாடையில ஊத்திக் கொடுங்க” என்றார். அந்த மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் கஸ்தூரியிடம் நீட்டினேன்.

“நீ ஒரு சொட்டுப் பாரு.”

“வேணா அண்ணி.”

“கரிக்குதான்னு பாருடி.”

“நான் பாத்த வரைக்கும் போதும்” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிளியனூரம்மா குறுக்கே புகுந்தார். “குடு, நான் பாக்கறேன். ஆனா எனக்குச் சர்க்கரை. இனிப்பா இருந்தா டாக்டர் திட்டுவாரு.”

கஸ்தூரி அதற்கும் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அதற்கு முன்பே, நடுநடுவே ஊருக்குப் போய் வீட்டிலிருந்து அவள் செய்து கொண்டுவந்த ரசத்தில் ஒரு நாள் உப்பே இருக்காது. ஒரு நாள் வாயில் வைக்க முடியாது. அவள் உப்பு பார்ப்பதையே விட்டிருந்தாள். ஏழுமலை அதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுத் தூக்குச்சட்டியைக் கழுவிவைத்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: “கீறின இடம் காம்புக்குத் தள்ளித்தான் இருக்கு. குழந்தை நேரா குடிக்கலாம். உப்பளத்துக்கும் போங்க. ஆனா நல்ல தண்ணியில கை கழுவுங்க, இறுக்கிக் கட்டாதீங்க, பால் கட்டினா வேலையை விட்டுட்டுக் கரையேறுங்க.” இரண்டில் ஒன்று என்று நாங்கள் போட்டு வைத்திருந்த கணக்கு அந்த ஒரு பேச்சில் கலைந்தது. ஆனால் அதைப் பாப்பாவிடம் யார் சொல்வது? இடது பக்கம் வைத்தால் அவள் பழைய ஞாபகத்தில் முகத்தைத் திருப்பினாள். நான் கறந்து பாலாடையில் கொடுத்தால் அதே பாலை மடக் மடக்கென்று குடித்தாள். எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். அவள் வாய் வைத்து இழுக்காவிட்டால் எத்தனை நாள் கையால் கறந்து ஓட்ட முடியும்? அந்தப் பக்கம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது.

புண் ஆறினதும் உப்பளத்துக்குப் போனேன். ஏழுமலை சைக்கிளில் ஒரு கேன் நல்ல தண்ணீர் கூடுதலாகக் கட்டிக்கொண்டுவந்து கொட்டகையில் வைத்தார். “இது கை கழுவ. யாராச்சும் குடிச்சா பால் சுரக்கும், சொல்லிட்டேன்” என்று ஆண்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். யாரும் அதைத் தொடவில்லை. பிள்ளை வைத்திருந்த மற்ற பெண்கள் தொட்டார்கள், கேன் இரண்டாயிற்று. மேஸ்திரி முணுமுணுத்தாலும், பால் கட்டினால் நான் கரையேறுவதைத் தடுக்கவில்லை.

அன்று உச்சி வெயில். பாப்பா தூளியில் பாதித் தூக்கத்தில் சிணுங்கினாள். கை கழுவிவிட்டு உட்கார்ந்து வலது பக்கம் வைத்தேன். கஸ்தூரி தன் கூழ்த் தூக்கோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். பாப்பாவின் கண் சொருகுகிற நேரம் பார்த்துத் தூக்கைக் கீழே வைத்தாள்.

“அசையாத அண்ணி. அந்த சிஸ்டரு சொல்லிக்குடுத்தாங்க இல்ல? புள்ளையைத் திருப்பக் கூடாது. அப்படியே நவுத்தணும்.”

படுத்த வாக்கிலேயே, தலையைத் திருப்பாமல், பாப்பாவை இரண்டு கையாலும் ஏந்தி இடது பக்கத்துக்கு மெல்லத் தள்ளிக்கொண்டு வந்தாள். வலது பக்கம்தான் என்று நினைத்துப் பாப்பா வாயைத் திறந்தாள். பற்றினாள். ஒரு கணம் நின்றாள். பிறகு தாடை அசைந்தது. இழுத்தாள். விழுங்குகிற சத்தம் கேட்டது, மறுபடியும் கேட்டது. வெறுமையாகிக்கொண்டு வந்த இடத்தில் நரம்பெல்லாம் இழுபட்டுப் பால் இறங்குவது எனக்குத் தெரிந்தது. கஸ்தூரி பாப்பாவுக்கு அடியில் வைத்த கையை எடுக்காமல் முட்டி போட்டபடியே இருந்தாள்.

குடித்து முடித்துப் பாப்பா வாயை விட்டாள். மோவாயில் ஒரு சொட்டு வழிந்தது. கஸ்தூரி அதை ஆள்காட்டி விரலால் துடைத்தாள். முந்தானையைத் தேடவில்லை. விரலை நாக்கில் வைத்தாள்.

பிறகு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, தூக்கைத் திறந்து, கூழை ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். கையை நீட்டி, கொட்டகையை ஒட்டின வரப்பிலிருந்து ஒரு கல் உப்பை எடுத்து அதில் போட்டுக்கொண்டாள்.